எல்லாத் தயக்கமும் ஹெசிடேட் அல்ல

ஆங்கிலத்தில் ஓரளவு எழுத வந்ததும் பலருக்கு ஒரு வியாதி பிடிக்கும். தெரிந்த எளிய சொல்லைப் போட வெட்கமாக இருக்கும். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று குறிப்பெழுதும் வேலை என் தலையில் விழுந்தது. புதிய மென்பொருள் வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது மேலாளர் ஒருவர் உடனே சம்மதிக்காமல், "இவ்வளவு செலவு இப்போதே வேண்டுமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே" என்று மெல்ல இழுத்தார். நடந்தது இவ்வளவுதான். ஹெசிடேட் என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்துச் சொல்லாகப் பட்டது, ஒத்தசொல் அகராதியைத் திறந்து அதற்குப் பக்கத்தில் இருந்த இக்விவொகேட்டை எடுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "நான் என்னப்பா மழுப்பினேன்?"

அந்தச் சொல்லுக்கு மழுப்புவது என்றுதான் பொருள் என்பதை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

ஹெசிடேட், வேவர், வாசிலேட், டிதர், ஃபால்டர், டிமர் என்று எதைத் தேடினாலும் நம் அகராதிகள் பெரும்பாலும் 'தயங்கு' அல்லது 'தடுமாறு' என்று முடித்துவிடுகின்றன. அது அகராதியின் குற்றமில்லை, தமிழில் தயக்கம் என்பது அவ்வளவு அகலமான சொல். அதனால் பொருளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, தயங்குகிற ஆளைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். பதில் மாறினால் சொல்லும் மாறும்.

பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. ஒரு பெண், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிவிட்டாள். அனுப்பும் பொத்தானின் மேல் சுட்டி நிற்கிறது. கடைசி வரை இவளையே வைத்துக்கொள்வோம்.

படி 1: தொடங்குவதற்கு முன்பா, தொடங்கிய பிறகா?

விரல் பொத்தானின் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை, இரண்டு விநாடி போகிறது. இது ஹெசிடேட். செயலுக்கு முன்னால் வரும் சிறு நிறுத்தம். இதில் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. அவள் அடுத்த நொடியே அழுத்தலாம், அழுத்தாமலும் போகலாம், இந்தச் சொல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்தச் சொல் என்று புரியாத இடத்தில் இதையே போடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

இதன் லத்தீன் வேர் 'ஒட்டிக்கொள்' என்ற பொருள் உள்ளது. பசைக்குச் சொல்கிறோமே அட்ஹெசிவ், அதுவும் இதே குடும்பம். கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்பது என்று நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

அவள் கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள் என்றால் அது வெறும் பாஸ். வீடியோவை நிறுத்தி வைக்கிறோமே, அதே சொல்தான். நிறுத்தம் மட்டும் இருக்கிறது, மனதில் சந்தேகம் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை.

சரி, அவள் அனுப்பிவிட்டாள். மேலாளர் அறைக்குப் போய் நேரிலும் சொல்கிறாள். பாதியில் குரல் உடைகிறது, அடுத்த வார்த்தை வரவில்லை. இங்கே ஹெசிடேட் என்று எழுதினால் படம் மங்கிவிடும். ஃபால்டர் என்பதே பொருந்தும். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடுவில் வலுவிழந்து தள்ளாடுவதுதான் ஃபால்டர். குரல், நடை, பழைய எஞ்சின், பொருளாதாரம், பேச்சுவார்த்தை எல்லாமே ஃபால்டர் ஆகலாம். எஞ்சின் ஃபால்டர் ஆகும் என்பதைக் கவனியுங்கள், எஞ்சினுக்கு முடிவெடுக்கும் வேலையே கிடையாது. ஆக இந்தச் சொல்லுக்குக் குழப்பத்தோடு பெரிய உறவில்லை, தளர்ச்சியோடுதான் உறவு. தமிழில் தடுமாறியது, தழுதழுத்தது, சுணங்கியது என்று இடத்துக்கு ஏற்ப மாற்றித்தான் சொல்லவேண்டியிருக்கும்.

படி 2: முன்பே ஒரு முடிவு இருந்ததா?

நான் பார்த்தவரை அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வேவர், வாசிலேட் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

போகத்தான் போகிறேன் என்று ஒரு மாதமாக அவள் உறுதியாக இருந்தாள். இன்று சக ஊழியர்களின் முகத்தைப் பார்த்ததும் அந்த உறுதி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இது வேவர். ஊன்றி வைத்த ஒன்று இருந்தால்தான் அது ஆடமுடியும். காற்றில் துடிக்கும் விளக்குச் சுடருக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்: சுடர் ஆடுகிறது, அணையவில்லை. 'அன்வேவரிங் சப்போர்ட்' என்று செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அசையாத ஆதரவு. அதைத் தலைகீழாகப் பிடித்தால் வேவர் பிடிபட்டுவிடும்.

வாசிலேட்டுக்கு அப்படி ஊன்றிய இடம் எதுவும் தேவையில்லை. திங்கள்கிழமை போகலாம் என்கிறாள், செவ்வாய் இருக்கலாம் என்கிறாள், புதன் மறுபடி போகலாம் என்கிறாள். இரண்டு கரைக்கும் மாறி மாறி ஓட்டம். ஒரு தடவை மனம் மாறினால் அது வாசிலேட் ஆகாது, பல தடவை மாறவேண்டும். சொல்லில் லேசான குறை கூறலும் இருக்கிறது, தலைவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது அது நன்றாகவே கேட்கும். கொஞ்சம் ஏட்டுச் சொல்லும்கூட, நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் போட்டால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மாடியில் துணி காயப் போடப் போனது மாதிரி இருக்கும்.

ஆசிலேட்டும் ஊசலாட்டம்தான், ஆனால் பழிச்சொல் இல்லை. ஊசல், தலையாட்டும் மேசை விசிறி, மின் அலை என்று சீரான தாளத்தில் இரண்டு பக்கமும் போய் வருவது. மனநிலைக்குச் சொன்னாலும் விலகி நின்று அளந்து சொல்கிற தொனிதான் வரும். (இங்கே ஒரு சின்ன விலகல். தூங்குதல் என்றால் பழைய தமிழில் தொங்குதல், ஊசலாடுதல். தூங்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அதே சொல்லுக்குக் காலம் தாழ்த்துதல் என்றும் பொருள் உண்டு. லத்தீனில் ஆசிலேட்டின் வேரும் ஊஞ்சல்தான். உறவு ஒன்றுமில்லை, ஆனால் தயங்குகிறவனை ஆடுகிற பொருளாகப் பார்ப்பது எல்லா ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.)

அப்புறம் டிதர். இதைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் போட்டால் எதிராளிக்குச் சுருக்கென்று தைக்கும். நம்ம ஆள் கடிதத்தின் முதல் வரியை 'அன்புள்ள' என்று தொடங்குகிறாள், அழிக்கிறாள், 'மதிப்பிற்குரிய' என்று மாற்றுகிறாள், எழுத்துருவை மாற்றுகிறாள், திரும்ப 'அன்புள்ள' போடுகிறாள், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள், வந்து மறுபடி எழுத்துருவை மாற்றுகிறாள். இதுதான் டிதர். பதற்றமும் வீண் பரபரப்பும் கலந்த முடிவின்மை, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எரிச்சலூட்டுவது. முதலில் 'நடுங்கு' என்ற பொருளில் இருந்த சொல் இது, அந்த வெடவெடப்பு இன்னும் உள்ளே மிச்சமிருக்கிறது. பிரிட்டனில் அதிகம் புழங்கும். தன்னைப் பற்றியே சிரித்துச் சொல்ல அருமையான சொல், 'ஒரு மணி நேரம் டிதர் செய்துகொண்டிருந்தேன்' என்று. ஆனால் மேலதிகாரியைப் பற்றி அறிக்கையில் எழுதாதீர்கள். படச் செயலாக்கத்தில் நிறங்கள் குறைவாக இருக்கும்போது புள்ளிகளைத் தூவி இடைநிறம் இருப்பதுபோலக் காட்டுவதற்கும் டிதரிங் என்பார்கள், அங்கே யாரையும் யாரும் திட்டவில்லை.

ஷில்லி-ஷாலி என்று ஒன்று உண்டு. 'ஷல் ஐ? ஷல் ஐ?' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதிலிருந்து சுமார் 1700 வாக்கில் உருவானது. 'போகட்டுமா, இருக்கட்டுமா' என்று நாம் இழுப்பதேதான். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், போதும். எழுதினால் கொஞ்சம் பழைய வாடையும் கேலியும் சேர்ந்தே வரும்.

படி 3: எதைக் கண்டு நின்றாள்?

இதுவரை பார்த்த தயக்கமெல்லாம் மனதுக்குள் நடந்தது. சில சமயம் வெளியே இருக்கும் ஒரு குறிப்பிட்ட விஷயம்தான் ஆளை நிறுத்தும்.

பணிவிலகல் படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனை: இரண்டு வருடம் இதே துறையில் வேறு எங்கும் சேரக்கூடாது. அதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இது பாக். எழுத்தில் அமெரிக்கர்கள் பி, ஏ, எல், கே என்று நான்கு எழுத்தோடு விடுவார்கள், பிரிட்டனில் நடுவில் ஒரு யு சேர்த்தும் எழுதுவார்கள். உச்சரிப்பில் பெரும்பாலும் எல் கேட்காது.

இந்தச் சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் இது உழாமல் விட்ட மேட்டைக் குறித்தது, ஏறக்குறைய நம் வரப்பு. அப்படியே தடை என்ற பொருளுக்கு நகர்ந்து, தடையைக் கண்டதும் கால்களை ஊன்றிக்கொண்டு அசைய மறுக்கும் குதிரைக்கு வந்து சேர்ந்தது. தமிழில் இதற்கு நேரான விலங்கு சண்டிமாடுதான். ஆக பாக் என்பதில் பாதி தயக்கம், பாதி மறுப்பு. விலையைக் கண்டு, நிபந்தனையைக் கண்டு, கூடுதல் வேலையைக் கண்டு என்று ஒரு காரணப் பொருள் கூடவே நிற்கும். எதைக் கண்டு என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் இது உங்களுக்கு வேண்டிய சொல் இல்லை.

டிமர் இதைவிட மிகவும் நாசூக்கானது. ஒரு யோசனைக்கு மரியாதையாக, அழுத்தம் இல்லாமல், வாய் திறந்து ஆட்சேபம் தெரிவிப்பது. 'கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே' என்று இழுத்தாரே என் மேலாளர், அவர் செய்தது அச்சு அசல் இதுதான். அன்றைக்கு எனக்கு இந்தச் சொல் தெரியாது. 'வித்தவுட் டிமர்' என்றால் மறுபேச்சில்லாமல். கப்பல் குறித்த நேரத்துக்கு மேல் துறைமுகத்தில் நின்றால் கட்டவேண்டிய டெமரேஜ் இருக்கிறதே, அதுவும் இதே வேரிலிருந்து வந்தது, தாமதித்தல் என்ற வேர். ஆனால் கடைசியில் இ சேர்த்து எழுதும் டிமியூர் முற்றிலும் வேறு, அது அடக்கமான, அமைதியான என்ற பண்புச் சொல்.

படி 4: வேண்டுமென்றே செய்கிறாளா?

மேலாளர் கேட்கிறார்: "வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதா?" அவளுக்குச் சொல்ல இஷ்டமில்லை.

"அது வந்து... ம்ம்... இல்லை... அதாவது..." என்று மென்று விழுங்கினால் அமெரிக்க ஆங்கிலத்தில் ஹெம் அண்ட் ஹா, பிரிட்டனில் ஹம் அண்ட் ஹா. தொண்டையைச் செருமும் சத்தம்தான் சொல்லாகிவிட்டது. இதில் சூது இருக்கலாம், வெறும் சங்கடமாகவும் இருக்கலாம்.

"வாய்ப்புகள் எப்போதும் இருக்கத்தானே செய்கின்றன" என்று இரண்டு பக்கமும் பொருள் வரும்படி பதில் சொன்னால் அது இக்விவொகேட். லத்தீனில் சமம், குரல் என்ற இரண்டும் சேர்ந்த வேர். ஒரே பேச்சில் சம வலுவோடு இரண்டு பொருள் ஒலிக்கிறது. இங்கே ஆளுக்குக் குழப்பமே இல்லை, உண்மை அவளுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவிடவில்லை. ஆகவே இது தயக்கமே அல்ல, தயக்கம் போலத் தெரியும் தந்திரம். பூசி மெழுகுவது என்பது இன்னும் நெருக்கமான தமிழ்.

ப்ரிவாரிகேட் இன்னும் ஒரு படி கீழே, கிட்டத்தட்டப் பொய்யின் வாசலில் நிற்கிறது. இதைக் காலம் கடத்துவது என்ற பொருளில் ப்ரோகிராஸ்டினேட்டுக்குப் பதிலாகப் போடுகிறவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே நிறைய உண்டு. இரண்டும் ப்ரவில் ஆரம்பித்து நீளமாக இருப்பதைத் தவிர ஒற்றுமை இல்லை. ப்ரோகிராஸ்டினேட்டுக்குள் இருப்பது 'நாளைக்கு' என்ற லத்தீன் சொல். அனுப்புவது என்று முடிவாகிவிட்டது, நாளைக்கு அனுப்பலாம் என்று தினமும் தள்ளுகிறாள், அவ்வளவுதான். முடிவு இல்லாதவளை ப்ரோகிராஸ்டினேட் செய்கிறாள் என்று சொல்லமுடியாது. ஸ்டால் என்பது அடுத்தவரைக் காக்க வைத்து நேரம் வாங்குவது, நம் இழுத்தடிப்பு.

படி 5: ஆளையா சொல்கிறீர்கள், இந்த நேரத்தையா?

வினைச்சொற்களை விட்டுப் பண்புச் சொற்களுக்கு வந்தால் தப்பு செய்வது இன்னும் சுலபம்.

அன்டிசைடட் என்றால் இந்த விஷயத்தில் இன்னும் முடிவாகவில்லை. இன்டிசைசிவ் என்றால் முடிவெடுக்கவே வராத ஆள். முதலாவது நிலைமை, இரண்டாவது சுபாவம். 'யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் அன்டிசைடட்' என்பது சாதாரணச் செய்தி. நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றி நீங்களே இன்டிசைசிவ் என்று சொன்னால் வேலை போய்விடும்.

ஹெசிடேஷன், ஹெசிடன்சி இரண்டுக்கும் இடையிலும் கிட்டத்தட்ட இதே கோடுதான். முதலாவது ஒரு தடவை நடந்த தயக்கம், இரண்டாவது ஒருவரிடமோ ஒரு கூட்டத்திடமோ தங்கிவிட்ட தயக்க நிலை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் உலக ஆரோக்கியத்துக்கு உள்ள 10 அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டபோது தடுப்பூசித் தயக்கத்தை அதில் சேர்த்தது, அங்கே பயன்பட்டது ஹெசிடன்சி. ஊசி போடும்போது கையை ஒரு நொடி இழுத்துக்கொண்டால் அது ஹெசிடேஷன்.

ஆம்பிவலன்ட் என்பதைப் பலர் 'அக்கறையில்லை' என்ற பொருளில் எழுதுகிறார்கள். நேர் எதிர். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர் 1910 வாக்கில் ஜெர்மனில் உருவாக்கிய கலைச்சொல்லிலிருந்து வந்தது இது: ஒரே பொருளின் மேல் எதிரெதிரான இரண்டு உணர்வுகள், இரண்டுமே வலுவாக. நம் பெண் இந்த வேலையை நேசிக்கிறாள், வெறுக்கவும் செய்கிறாள். இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கிறது. எது நடந்தாலும் சரி என்று இருப்பவளுக்கு இன்டிஃபரன்ட் என்று வேறு சொல் இருக்கிறது.

ரிலக்டன்ட் ஆளுக்குக் குழப்பமில்லை, விருப்பமில்லை. மல்லுக்கட்டுவது என்ற வேர். விருப்பமில்லாமலேயே செய்தும் முடிப்பார், அரை மனதோடு. ரெட்டிசன்ட் என்றால் அதிகம் பேசாதவர், தன்னைப் பற்றி வாய் திறக்காதவர். இந்த இரண்டாவதை முதலாவதன் இடத்தில் போடுவது இப்போது பரவலாகிவிட்டது, சில அகராதிகளும் ஒத்துக்கொண்டுவிட்டன. என் கட்சி பழைய கட்சிதான், பேச்சு சம்பந்தப்படாத இடத்தில் ரெட்டிசன்ட்டை நான் போடமாட்டேன்.

மனச்சாட்சி தடுத்தால் ஸ்க்ரூப்பிள். கூரான சிறு கல் என்ற லத்தீன் சொல், செருப்புக்குள் மாட்டிய கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். விளைவு நன்றாக இருக்காதோ என்ற உள்ளூரப் பயம் மிஸ்கிவிங், பெரும்பாலும் பன்மையில்.

படி 6: பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

சொல் சரியாக இருந்தும் அதற்கடுத்த சின்னச் சொல்லில் மாட்டிக்கொள்கிறோம். ஹெசிடேட்டுக்குப் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் வரும், 'செய்யத் தயங்கினாள்' என்பதற்கு அழகாகப் பொருந்தும். பாக்கிற்குப் பின்னால் 'அட்', அதற்கப்புறம் பெயர்ச்சொல்லோ ஐஎன்ஜி வடிவமோ. வாசிலேட்டுக்கு 'பிட்வீன்' போட்டு இரண்டு பக்கத்தையும் சொல்லவேண்டும், டிதருக்கு 'ஓவர்' அல்லது 'அபவுட்'. ஃபால்டருக்கு ஒன்றும் வேண்டாம், தனியாகவே நிற்கும். வாக்கியத்தை முடிக்கும் முன் கற்பவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து மூன்று உதாரண வாக்கியங்களைப் படித்துவிடுங்கள். ஒத்தசொல் அகராதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு மரபுத் தொடர்கள். 'ஐ ஹெசிடேட் டு சே' என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் தயங்கவே போவதில்லை, கசப்பான ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று தயாராகுங்கள். 'சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்' என்பதை மதில்மேல் பூனை என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிதான் சரி. பூனை எந்த நொடியிலும் எந்தப் பக்கமும் குதிக்கும், அதுதான் நம் பழமொழியில் இருக்கும் பயம். ஆங்கில வேலிக்காரர் குதிக்கமாட்டார், எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதற்காகத்தான் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

தமிழில் இருக்கிற, ஆனால் ஆங்கிலத்தில் நேராகக் கிடைக்காத சொல்லும் ஒன்று உண்டு, சங்கோஜம். ஒருவரிடம் உதவி கேட்க வாய் வராமல் நிற்பது. இதற்கு ஹெசிடன்ட் என்று எழுதினால் உதவி தேவையா இல்லையா என்று உங்களுக்கே தெரியாத மாதிரி இருக்கும், ஷை என்றால் குழந்தைத்தனமாகிவிடும். 'ஐ ஃபெல்ட் ஆக்வர்ட் ஆஸ்கிங்' என்று எழுதுங்கள், அது போதுமான அளவு நெருங்கி வருகிறது.